கயிறும் தயிரும்

மேனேஜர் தன் மேசைமேல் கோணிப்பையைக் கவிழ்த்தபோது, விறகுச் சீவல் ஏதோ கொட்டுகிறது என்றுதான் கஞ்சியக்கா முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, காகிதக் குழாய்கள். துணிச் சுருளுக்கு நடுவில் வைத்துச் சுற்றுவார்களே, அந்தக் குழாய். கட்டை மாதிரி கெட்டியாக இருக்க வேண்டியவை, வாழைப்பட்டை உரிந்ததுபோல அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தன.

"என்னக்கா இது?"

"குழாய் சார்."

"குழாய்னு எனக்கும் தெரியும். நம்ம ஸ்டார்ச்சுல காய்ச்சுன பசையாம். நேத்து முழுக்க ஓட்டுன குழாய் அத்தனையும் இப்படியேதான் பிரிஞ்சுதாம். கோணியில கட்டி அனுப்பியிருக்காங்க. நீங்க பாஸ் பண்ண மூட்டை."

"நான் பாஸ் பண்ண மூட்டை ஒட்டும் சார்."

"அப்ப இது?"

"இது வேற ஏதோ."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவளைவிடப் பத்து வயது இளையவர். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். "பாருங்கக்கா, நீங்க சொன்னீங்கன்னுதான் ரெண்டு வருஷமா ரெண்டு தொட்டி, ரெண்டு களம், ரெண்டு அடுக்கு. வெள்ளைக் கிழங்கு தனி, சிவப்புக் கிழங்கு தனி. அத்தனை பாடுபட்டும் பசை ஒட்டலைன்னா எதுக்கு இந்தக் கூத்து? திங்கக்கிழமையிலேர்ந்து ரெண்டையும் ஒரே தொட்டியில விட்டுடலாம்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

கஞ்சியக்கா ஒரு குழாயை எடுத்தாள். பிரிந்த காகிதத்தின் உள்பக்கத்தை விரலால் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. அதை நாக்கில் வைத்துக்கொள்ளாத குறைதான்.

"இன்னிக்குச் செவ்வாய்தானே சார்? திங்கள் வர்றதுக்குள்ள குழாய்க் கம்பெனிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுறேன்" என்றாள், ஏதோ தையல்காரரிடம் கொடுத்த ரவிக்கையை வாங்கிவரப் போகிறவள் போல.

அவளுக்குக் கஞ்சியக்கா என்ற பெயர் விழுந்து பதினாறு வருஷமாகிறது. அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைக் கேட்டு யாராவது வந்தால் கேட்டில் நிற்கும் காவலாளி, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவளுக்கு எட்டு வயது மூத்த குடோன்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள். யார் பெரியவர் என்று அங்கே யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

மில்லுக்கு வந்த புதிதில் அவள் தோல் உரிக்கும் கொட்டகையில் இருந்தாள். காலையில் லாரியிலிருந்து மரவள்ளிக் கிழங்கு மலைபோல வந்து குவியும். வளைந்த கத்தியால் ஒரு கீறு, ஒரு நெம்பு. தோல் சட்டை கழற்றுவதுபோலக் கழன்று வரும். ஒரு ரகத்தில் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் தடித்த பட்டை பால் வெள்ளையாக இருக்கும். இன்னொன்றில் ரோஜா நிறத்தில் சிவந்திருக்கும். அதனால்தான் வெள்ளை, சிவப்பு என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: "சிவப்புக் கிழங்குல மாவும் சிவப்பா வருமா?" வராது. பட்டையை உரித்துவிட்டால் உள்ளே இரண்டும் ஒரே வெள்ளைதான். சொல்லப்போனால் சிவப்பில்தான் வெளுப்பு ஒரு மாற்று கூட.

கிழங்கை அரைத்து, நீர் விட்டு அலசி, சல்லடையில் வடிகட்டினால் திப்பி மேலே நிற்கும், பால் கீழே இறங்கும். பாலைத் தொட்டியில் விட்டால் ராத்திரியோடு ராத்திரியாக அடியில் கட்டியாகப் படியும். அதை வெட்டி எடுத்து வெயிலில் காயவைத்தால் ஸ்டார்ச். திப்பியும் பாலுமாக முழுக் கிழங்கையும் சீவி, காயவைத்து, அரைத்தால் அது கிழங்கு மாவு. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். குணத்தில் அவ்வளவு ஒற்றுமை கிடையாது. மாவைக் காய்ச்சினால் மங்கலாக, நரநரவென்று கூழாகும். ஸ்டார்ச் கண்ணாடி மாதிரி தெளியும்.

இவ்வளவும் மில்லில் எல்லாருக்கும் தெரியும். ஒரே மில்லின் ஸ்டார்ச்சுக்குள்ளேயே இரண்டு குணம் உண்டு என்பதைக் கண்டுபிடித்தது மில் அல்ல, கஞ்சியக்காவின் புருஷன். அவருக்கு லாண்டரிக் கடை. ஒரு நீள மேசை, இரண்டு இஸ்திரிப் பெட்டி, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் சட்டைகள். சட்டைக்குப் போட அவள் மில்லிலிருந்து சொல்லிவிட்டு ஒரு டப்பா ஸ்டார்ச் எடுத்துப் போவாள். ஒருநாள் அவர் ஒரு காலரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"போன வாரக் கஞ்சியில காலர் சும்மா விறைப்பா நின்னுச்சு. இந்த வாரக் கஞ்சியில மடிச்சா அப்பளமா உடையுது. ரெண்டும் உங்க மில்லுதானா, இல்ல வழியில எங்கயாவது மாத்திட்டியா?"

"ஆமா, வழியில கஞ்சிக் கடத்தல் பண்றேன். ஒரே மில்லுதாங்க."

"அப்ப உங்க மில்லுக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு. வாரத்துக்கு ஒரு புத்தி."

வேறு ஒருத்தியாக இருந்தால் அடுப்பைப் பார்க்கப் போயிருப்பாள். இவள் நாள்காட்டியை எடுத்தாள். எந்த வாரம் எந்தக் கிழங்கு லாரி வந்தது என்று தேதித் தாளின் ஓரத்தில் குறித்தாள். பக்கத்தில் புருஷனின் தீர்ப்பை எழுதினாள்: நின்றது, உடைந்தது, நின்றது, நின்றது, உடைந்தது. நாலு மாதத்தில் விஷயம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. உடைந்ததெல்லாம் வெள்ளைக் கிழங்கு வந்த வாரம். நின்றதெல்லாம் சிவப்பு. இடையில் ஒரு வாரம் மட்டும் ஒத்துவரவில்லை. விசாரித்ததில், அந்த வாரச் சிவப்பு மழையில் நனைந்த வயலில் பருவம் முற்றாமல் பிடுங்கிய இளங்கிழங்கு என்று தெரிந்தது. அதையும் குறித்துக்கொண்டாள்.

அந்த நாள்காட்டியை எடுத்துக்கொண்டு போய்த்தான் முன்பிருந்த மேனேஜரிடம் நின்றாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பழைய எடைமேடை அறையைக் கொடுத்தார். ஒற்றை அடுப்பு, ஆறு எவர்சில்வர் டம்ளர், ஒரு மூங்கில் குச்சி, ஒரு சுவர்க் கடிகாரம். அன்றிலிருந்து மூட்டை கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு களத்து ஸ்டார்ச்சும் அவள் டம்ளரில் ஒருமுறை வெந்தாக வேண்டும். சமமாக ஒரு கரண்டி, அளந்த தண்ணீர், சின்ன நெருப்பு. கிளறிக்கொண்டே இருந்தால் பாலாக இருந்தது ஒரு நொடியில் கண்ணாடியாகும். அந்த நொடி எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்று பார்ப்பாள். குச்சியைத் தூக்குவாள். சிவப்பு, விட்டேனா பார் என்று குச்சியைப் பிடித்துக்கொண்டு கூடவே எழும்பும். முழ நீளத்துக்கு அறுந்து விழாது. வெள்ளை சொட்டுச் சொட்டாக விழும். தட்டில் ஊற்றி மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளை கெட்டியாக உறைந்து, ஓரத்தில் நீர் விட்டிருக்கும். சிவப்பு முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியே வழவழவென்று இருக்கும்.

இப்போதைய மேனேஜர் படித்தவர். சும்மா நம்பிவிடவில்லை. இரண்டு ரகத்தையும் பெரிய ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார். ஏழு பக்கத்தில் அறிக்கை வந்தது. அமைலோஸ் இத்தனை சதவீதம், துகளின் அளவு இவ்வளவு என்று எண்ணாகக் கொட்டியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், சூடேறி ஆறும்போது பசை எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்ட இரண்டு கோடுகள். ஒன்று விறுவிறுவென்று உயர ஏறி, சரிந்து, பிறகு சமர்த்தாகப் படுத்துவிட்டது. இன்னொன்று கொஞ்சம்தான் ஏறியது, ஆனால் சூடு ஆறியதும் மறுபடி எழுந்து நின்றது. கஞ்சியக்கா அதை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது சிவப்பு. இது வெள்ளை. எழுந்து நிக்குது பாருங்க, அதான் தட்டுல உறையுறது. இதுக்கா சார் ஏழு பக்கம்?"

அதற்குப் பிறகுதான் இரண்டு தொட்டி வந்தது. காகிதக் குழாய்க்கு இழுபடும் பசை வேண்டும், அதனால் சிவப்பு அங்கே போகும். வெள்ளை மற்றவர்களுக்கு. இரண்டு வருஷமாக ஒரு புகார் இல்லை, இந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

ஒவ்வொரு களத்திலிருந்தும் ஒரு பிடி எடுத்து மூடி போட்ட பாட்டிலில் வைப்பது அவள் வழக்கம். குழாய்க் கம்பெனிக்கென்று போன வாரம் கட்டிய சிவப்பின் பாட்டிலை எடுத்து உடனே ஒரு டம்ளர் காய்ச்சினாள். குச்சியைத் தூக்கினாள். கூடவே எழும்பியது. "அப்புறம் என்ன?" என்று குச்சியிடமே கேட்டுவிட்டு, பாட்டிலையும் இரண்டு டம்ளரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை பஸ் ஏறினாள்.

குழாய்க் கம்பெனியில் பசைத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது ஒரு பெண்மணி. தடித்த கண்ணாடி, முழங்கை வரை காய்ந்த பசை. பசையம்மா என்றுதான் அங்கே பெயர். இரண்டு வருஷமாகப் போனில் பேசியிருக்கிறார்கள், நேரில் பார்த்ததில்லை.

"வாங்க வாங்க. நீங்கதானா அந்தக் கஞ்சி? நான் இன்னும் குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"கஞ்சி குடிச்சாத்தானே குண்டாக? நான் காய்ச்சுறதோட சரி."

"நேத்து எங்காளுங்க என்னைய காய்ச்சி எடுத்துட்டாங்க. மெஷின்ல சுத்தும்போது ஒட்டுற மாதிரியே இருக்கு. உலர்த்துற அறையில வச்சு எடுத்தா, பட்டாசுத் திரி மாதிரி பிரியுது. பாக்கியைத் தனியா எடுத்து வச்சிருக்கேன். பார்த்துட்டுச் சொல்லுங்க. உங்க மேல எனக்குக் கோபம் இல்ல, உங்க மூட்டை மேலதான்."

"மூட்டை பேசாது. அடுப்பு இருக்கா?"

அடுப்பு இருந்தது. பசையம்மா மூட்டையிலிருந்து ஒரு கரண்டி அள்ளிக் கொடுத்தாள். கஞ்சியக்கா தன் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி எடுத்தாள். இரண்டு டம்ளரும் பக்கத்துப் பக்கத்தில் வெந்தன. முதலில் பாட்டிலில் இருந்து வந்ததில் குச்சியை விட்டுத் தூக்கினாள்.

"அடேங்கப்பா, கயிறு!" என்றாள் பசையம்மா. "இதுதாங்க எங்களுக்கு எப்பவும் வர்றது. இழுத்தா கூடவே வரும்."

மூட்டையிலிருந்து வந்ததைத் தூக்கினாள். பொத் பொத்தென்று விழுந்தது. ஆற வைத்தார்கள். கால் மணி நேரத்தில் மேலே ஏடு கட்டி, கரண்டியால் வெட்டினால் வெட்டின இடம் அப்படியே நின்றது.

"இது தயிரு" என்றாள் பசையம்மா. "தயிரைத் தடவி நான் எப்படிக் குழாய் சுத்துறது?"

கஞ்சியக்காவுக்குச் சந்தேகமே இல்லை. இது வெள்ளைக் கிழங்கு. சிவப்பு என்று சொல்லி வெள்ளை ஏறியிருக்கிறது. தன் கை சரி, குச்சி சரி, டம்ளர் சரி. குடோனில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். அந்தத் திருப்தியோடு மூட்டையின் வாயில் கட்டியிருந்த சீட்டைத் திருப்பினாள். "சுமார்" என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்து. கீழே அவள் போட்ட தேதி.

அங்கேயே குடோன்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, குழாய்க் கம்பெனிக்கு எந்த அடுக்குலேர்ந்து ஏத்துனீங்க?"

"சிவப்பு அடுக்குலேர்ந்துதாங்கக்கா."

"எது சிவப்பு அடுக்கு?"

"சன்னல் ஓரமா இருக்கே, அது."

"அது வெள்ளைண்ணே! வெள்ளைக் கிழங்கு!"

"அதெப்படி? வாசல் பக்கத்து அடுக்குல நீங்களே பெருசா 'வெள்ளை'ன்னு எழுதி வச்சிருக்கீங்க. ஒவ்வொரு மூட்டையிலயும். வெள்ளை அங்க இருக்குன்னா, மத்தது சிவப்புதானே? இருக்கறதே ரெண்டு அடுக்கு. எனக்கென்ன கணக்குத் தெரியாதா?"

கஞ்சியக்கா கையிலிருந்த சீட்டை மறுபடி படித்தாள். பசையம்மா கரண்டியும் கையுமாக அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடோன்காரர் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. அவள் சீட்டில் எழுதுவது தரம் மட்டும்தான். பளிச்சென்று இருந்தால் "வெள்ளை". கொஞ்சம் மங்கினால் "சுமார்". போன வாரம் சிவப்புக் கிழங்கின் ஸ்டார்ச் பளிச்சென்று வந்தது, "வெள்ளை" என்று எழுதினாள். வெள்ளைக் கிழங்கு லாரியில் இரண்டு நாள் கிடந்து, உள்ளே நீலக் கோடு ஓடிப்போய் வந்ததால் ஸ்டார்ச் மங்கியது. "சுமார்" என்று எழுதினாள். எது எந்தக் கிழங்கு என்று அவள் இரண்டு வருஷத்தில் ஒரு சீட்டில்கூட எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? லாரி வந்து நின்றால் அவளே குடோனுக்குப் போய், "இந்த அடுக்குண்ணே" என்று விரலை நீட்டுவாள். விரல் இருக்கும்போது பேனா எதற்கு?

போன வியாழக்கிழமை விரல் அங்கே இல்லை. புருஷனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. தனியாகப் போகமாட்டேன் என்று சின்னப் பிள்ளையாட்டம் அடம் பிடித்தார். அவள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். அவர் வாயைத் திறந்த நேரத்தில் இங்கே லாரி ஏறிவிட்டது.

"அண்ணே" என்றாள் போனில், "நீங்க பண்ணது சரி. நான் எழுதுனதுதான் தப்பு. வாசல் பக்கத்து அடுக்கை யாரும் தொட வேணாம், நான் வரேன்."

"இதுவரைக்கும் நீங்க என்கிட்ட தப்புன்னு சொன்னதே இல்லையேக்கா. உடம்பு சரியில்லையா?"

"போனை வைங்கண்ணே."

பசையம்மா சிரித்தாள். "என்னங்க, மூட்டை பேசிடுச்சா?"

"பேசிடுச்சு. என் கையெழுத்துலயே." டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். "உங்களுக்கு வேண்டியது அங்கதான் குத்துக்கல்லாட்டம் இருக்கு. நாளைக்குக் காலையில லாரி வரும். ஒவ்வொரு சீட்டுலயும் 'கயிறு'ன்னு எழுதியிருக்கும். எழுதலைன்னா இறக்காதீங்க."

"கயிறுன்னா?"

"நீங்கதானே இப்பச் சொன்னீங்க?"

அன்று மத்தியானமே மேனேஜர் முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. சுற்றி வளைக்கவும் இல்லை.

"சார், கம்பெனிக்குப் போனது வெள்ளைக் கிழங்கு. மாத்தி ஏத்துனது குடோன்காரர் இல்ல, என் சீட்டு. வெள்ளைங்கிற ஒரே வார்த்தையை நாம கிழங்குக்கும் சொல்றோம், பளபளப்புக்கும் சொல்றோம். நான் ஒண்ணை நெனச்சு எழுதினேன், அவர் ஒண்ணை நெனச்சுப் படிச்சாரு. படிச்சவர் மேல தப்பில்ல."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். அவள் ஏதாவது சாக்குச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அதற்கெல்லாம் பதிலைத் தயாராக வைத்திருந்த முகம் கொஞ்சம் காலியாகத் தெரிந்தது.

"சரிக்கா. தப்பை ஒத்துக்கிட்டீங்க. ஆனா இதையேதான் நானும் சொல்றேன். ரெண்டா இருந்தா மாறத்தான் செய்யும். ஒண்ணாக்கிட்டா மாறவே மாறாதே?"

"மாறாது சார். எல்லா மூட்டையும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே மாதிரி ஒட்டாது." மேசையில் இன்னும் கிடந்த குழாய் ஒன்றை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். "பாதி வெள்ளை கலந்தா பாதிக் குழாய் பிரியும்னு நெனக்காதீங்க. எல்லாக் குழாயும் பாதி பிரியும். இன்னிக்கு ஒரு லாரி மாறிப்போனதுக்கே கோணியில கட்டி அனுப்பிட்டாங்க. அதாவது, வித்தியாசம் இருக்குன்னு அவங்களே உங்களுக்கு எழுதிக் குடுத்த மாதிரிதான் சார் இது. இதைவிட ஆய்வகம் என்ன ஏழு பக்கம் எழுதும்?"

மேனேஜர் குழாயையே பார்த்தார். அதை அவர் இதுவரை அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை.

"அப்ப அந்தச் சுமார் மூட்டையெல்லாம்?"

"திருப்பி எடுத்துட்டு வருவோம். அட்டைப்பெட்டிக்காரர் போன மாசம் புலம்பினாரே, வேற மில்லுல வாங்குற ஸ்டார்ச்சுல பசை நூல் நூலா இழுத்து மெஷினெல்லாம் தெறிக்குதுன்னு? அவருக்கு இதுதான் சரி. இழுக்காது, தெறிக்காது, வச்ச இடத்துல நிக்கும். ஒருத்தருக்கு ஆகாதது இன்னொருத்தருக்கு ஆகும் சார், கலக்காம குடுத்தா."

மேனேஜர் போனை எடுத்து, முதலாளியிடம், தொட்டி விஷயம் அப்படியே இருக்கட்டும் என்றும், வெறும் சீட்டில்தான் சின்னக் குழப்பம் என்றும், அதைத் தானே சரிசெய்துவிட்டதாகவும் சொன்னார். தானே என்ற சொல்லைக் கஞ்சியக்கா கேட்டாள். கேட்டுக்கொண்டு நின்றாள். தொட்டி இரண்டாக இருந்தால் போதும், யார் சரிசெய்தார்கள் என்பது யார் வீட்டுக் காலரையும் உடைக்கப் போவதில்லை.

மிச்ச மத்தியானம் முழுக்க அவளும் குடோன்காரரும் வாசல் பக்கத்து அடுக்கின் சீட்டுகளை அவிழ்த்துப் புதுச் சீட்டு கட்டினார்கள். மேலே கொட்டை எழுத்தில் "கயிறு". அதற்குக் கீழே சின்னதாகத் தரம், "பளிச்". வெள்ளை என்ற சொல்லுக்கு அன்றோடு அந்தக் குடோனில் வேலை போய்விட்டது.

"ஏன்க்கா, அந்தப் பக்கம் வரப்போற அடுக்குக்கு 'தயிர்'னா எழுதறீங்க?" என்றார் குடோன்காரர். "ஏத்துற ஆளுங்க குடத்தோட வந்து நிக்கப்போறாங்க."

"வரட்டும். வந்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு மூட்டை தூக்கிவிடுங்க."

"சிவப்புன்னே எழுதிடலாமே? பழகின பேரு."

"சிவப்புலயும் இளங்கிழங்கு வந்தா தயிராத்தான் உறையும். தோலைப் பார்த்து எழுதுனா அன்னிக்கு மறுபடி மாட்டிக்குவோம். குச்சியைத் தூக்கிப் பார்த்துட்டு எழுதினா, எந்தக் கிழங்கா இருந்தா என்ன?"

குடோன்காரர் யோசித்தார். முடிச்சை இறுக்கினார். "அப்ப நீங்க வந்து விரலை நீட்ட வேண்டியதில்லை?"

"வேண்டியதில்லை."

"அப்ப நான் யாரைக் கேட்டு ஏத்துறது?"

"சீட்டைப் படிச்சு ஏத்துங்க. இத்தனை வருஷமா என் விரலைப் படிச்சீங்க, இனிமே என் எழுத்தைப் படிங்க. அதுவும் அவ்வளவு மோசமில்ல."

மறுநாள் காலையில் லாரி போனது. அவள் எடைமேடை அறையில் புதுக் களத்து ஸ்டார்ச்சைக் கிளறிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்கக் கால் துறுதுறுத்ததுதான், போகவில்லை. அடுப்பில் பால் கண்ணாடியாகிற நேரம். சாயங்காலம் பசையம்மாவிடமிருந்து போன் வந்தது. "நூறு குழாய் உலர்த்தி எடுத்தாச்சு, ஒண்ணைத் தூக்கி எங்க ஃபோர்மேன் தலையில தட்டிப் பார்த்தேன், குழாய் நல்லாருக்கு" என்றாள். ஃபோர்மேனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனபோது புருஷன் கடையை மூடிக்கொண்டிருந்தார். கன்னத்தில் இன்னும் கொஞ்சம் வீக்கம். அந்தப் பல்லால் வந்த வினை இன்னதென்று அவள் அவரிடம் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பத்து வருஷத்துக்கு, மில்லே தன் பல்லில்தான் ஓடுகிறது என்பார்.

"ஏம்மா" என்றார் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "இந்தப் பக்கத்துலயும் ஒண்ணு ஆடுற மாதிரி இருக்கு. டாக்டர் அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னாரு. உனக்குத்தான் லாரி நாள். நான் வேணா இன்னொரு வாரம் தள்ளிப் போடவா?"

"எதுக்குத் தள்ளணும்?" கஞ்சியக்கா அவர் கையிலிருந்த பூட்டை வாங்கிக் கதவில் போட்டாள். "வாங்க, இந்தத் தடவை ரெண்டு பல்லாவே பிடுங்கிட்டு வரலாம்."